இமையை இழுத்துப் பார்ப்பவர்

முதல் சந்திப்பில் அவர் என் பெயரைக் கேட்கவில்லை. ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில், உலு திராமில் வாடகை வீட்டுக்கு நாங்கள் வந்த அன்று லாரியிலிருந்து மெத்தையை இறக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு வேலியோரம் வந்து நின்றவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, என் இடது கண்ணுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து இமையை இழுத்தார். நான் அலறுவதற்குள் விரலை எடுத்துவிட்டார். "கொஞ்சம் வெளுப்புத்தான்மா. பரவால்ல, கீரை சேத்துக்க" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டார். என் கணவர் மெத்தையின் மறுமுனையைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றார். மறுநாள் அவருக்கும் அதே மரியாதை நடந்தது.

தாமான் குடியிருப்பு முழுக்க அவரை 'ஆட்டுக்கார அண்ணே' என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அவரைப் பற்றி யார் கேட்டாலும் அந்தக் கட்டைவிரலிலிருந்துதான் நான் தொடங்குவேன். ஆடுகளைக் காப்பாற்றியது அந்த விரல்தான். அவருடைய மனைவியை, நான் அண்ணி என்று கூப்பிட்டவரை, எங்களிடமிருந்து கொண்டுபோனதும் அதேதான். இப்படிச் சொன்னால் அண்ணனின் சொந்தக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆடு வளர்க்கத் தொடங்கியவர் அவர். எங்கள் வரிசையில் அவருடையது கடைசி வீடு. அதற்குப் பின்னால் யாரோ ஒரு சீனருடைய செம்பனைத் தோட்டம். தோட்டத்துக்காரரிடம் கேட்டு அதன் ஓரத்தில் பலகை அடித்து, தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கொட்டகையைத் தூக்கிக் கட்டியிருந்தார். காலையில் புல்லில் ஈரம் காயும்வரை ஆட்டை வெளியே விடமாட்டார். ஈரப் புல்லின் நுனிக்குத்தான் புழுக்குஞ்சு ஏறி உட்கார்ந்திருக்கும், ஆடு அதைப் புல்லோடு சேர்த்துத் தின்றுவிடும் என்பார். மழைக்காலத்தில் ஈரம் எங்கே காய்கிறது? அந்த மாதங்களில் கொட்டகைக்குள்ளேயே இலை வெட்டிப் போடுவார். தினமும் ஒவ்வோர் ஆடாகத் தாடையைப் பிடித்து இமையை இழுத்துப் பார்ப்பார். உள்ளே சிவப்பாக இருந்தால் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிடுவார். வெளுத்திருந்தால் காதில் ஒரு துணியைக் கட்டித் தனியே ஒதுக்குவார்.

அவர் தொடக்கத்தில் கடை மருந்துதான் கொடுத்தார். எல்லோரும் கொடுத்தார்கள், அவரும் கொடுத்தார். ஆண்டுக்கணக்கில் அதே மருந்தைக் குடித்த புழுக்களுக்கு அது பழகிப்போய்விட்டது. நாங்கள் குடிவந்த ஆண்டு மழையில், மருந்து குடித்த ஆடுகளே தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கத் தொங்க நின்று செத்தன. செத்த ஆட்டை அவர் சும்மா புதைக்கமாட்டார். வயிற்றைக் கீறி, நான்காவது இரைப்பையைத் திறந்து, வேலி வழியாக என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். நான் பார்க்கமாட்டேன் என்று சொன்னாலும் விடமாட்டார். சிவப்பு நூலும் வெள்ளை நூலும் முறுக்கிப் போட்ட மாதிரிப் புழுக்கள் கொத்துக்கொத்தாக நெளிந்தன. சிவப்பு அது குடித்த ரத்தம் என்றார்.

அதற்குப் பிறகுதான் இலைக்கும் விதைக்கும் மாறினார். மாரியம்மன் கோயில் வேப்பமரத்தில், வெள்ளிக்கிழமை மட்டும் விட்டுவிட்டு, பூசாரியிடம் சொல்லிக் கிளை ஒடித்துக்கொள்வார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பழம் வெட்டி விற்கும் மலாய்க்காரம்மா பப்பாளி விதைகளை எறியாமல் பையில் கட்டி அவருக்காக வைத்திருப்பார். விதைகளைக் கழுவித் தகரத்தில் பரப்பிக் காயவைத்து, மிளகு மாதிரி சுருங்கியதும் மாவாக்குவார். வேப்பிலையை இடித்து ஊறப்போட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றில் விதை மாவைக் கரைப்பார். கசப்புக்கு ஈடுகட்ட ஒரு துண்டு வெல்லம். சாஸ் பாட்டிலில் ஊற்றி, ஆட்டின் கடைவாயில் செருகி, தலையைத் தூக்கிப் பிடிப்பார். அதோடு மரவள்ளி இலையும் போடுவார். பச்சையாகப் போட்டால் விஷம் என்று ஒரு பகல் வாடவைத்துத்தான் போடுவார்.

உண்மையைச் சொன்னால், அது வேலை செய்தது. எல்லா ஆட்டுக்கும் இல்லை, பாதிக்கு மேல். அடுத்த மழையில் அவருடைய கொட்டகையில் சாவு குறைந்தது. தொலைவில் இருக்கும் பத்து பாகாட் ஊரிலிருந்துகூட ஆடு வளர்ப்பவர்கள் காரெடுத்து வந்து அந்தக் கரைசலைக் கேட்டு வாங்கிப் போனார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மலாய்ப் பெண் வந்து ஆட்டுப் புழுக்கையைக் குப்பியில் அள்ளிக்கொண்டு போய், முட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தாள். குறைந்திருக்கிறது பாக்சிக், ஆனால் ஒழியவில்லை என்று மாமா முறை வைத்துச் சொன்னாள். இலை கொடுத்தும் இமை சிவக்காத ஆட்டுக்கு ஊசி போடுங்கள் என்றாள். வெளுத்த கண்ணெல்லாம் புழு இல்லை, வேறு காரணமும் இருக்கும் என்றும் சொன்னாள். அவர் தலையாட்டினார். ஆடுகள் விஷயத்தில் அதை அப்படியே கேட்டார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். இலைக்கு மசியாத ஆட்டைக் கால்நடை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் மனுஷர்கள் விஷயத்தில் அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். சோர்வாக இருக்கிறது என்று அவர் காதில் விழும்படி யாரும் சொல்லிவிடக் கூடாது. தபால்காரர், கேஸ் தோம்பு கொண்டுவருகிற பையன், கோயில் குருக்கள் என்று ஒருவரையும் விட்டதில்லை. ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணை மேடையில் வைத்தே இமையை இழுத்துப் பார்த்து, மை கலைந்து அவளுடைய அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வெளுப்பாக இருந்தால் அவருக்கு ஒரே காரணம்தான். "வயித்துல புழு. வேறென்ன?" என்பார். நாங்கள் சிரித்தோம். எங்களில் சிலர் அவர் கொடுத்த கரைசலை வாங்கி, அவர் திரும்பியதும் சாக்கடையில் ஊற்றினோம்.

வாங்கி ஊற்றாமல் குடித்தவர் அண்ணி ஒருவர்தான்.

அண்ணி ஒல்லியான உடம்பு, சத்தமான சிரிப்பு. அதிகாலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கொட்டகையைக் கூட்டிக்கொண்டே வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது வம்புக்கு இழுப்பார். என் ஃபேக்டரி சீருடையைப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குப் போறியா என்று தினமும் கேட்பார். தினமும் அதற்குச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஓர் ஆண்டு மெல்ல மெல்லக் குறைந்தது. கூட்டும்போது நடுவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோறு இறங்கவில்லை. ரவிக்கை தோளில் நழுவியது. ஒரு நாள் அண்ணன் அவருடைய இமையை இழுத்துப் பார்த்தார். அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மறுநாளே ஆட்டுக்கு வடித்த சாற்றில் ஒரு டம்ளர் தனியாக எடுத்து மூடிவைத்தார்.

நான் ஒரு சனிக்கிழமை அண்ணியை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மாத்திரைகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அலமாரியின் மேல்தட்டில், சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

"இத இப்ப தின்னா புழுவுக்குத்தான் போய்ச் சேரும். மொதல்ல புழு சாவட்டும். அப்புறம் இரும்பு, அப்புறம் ஆஸ்பத்திரி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அண்ணியை என்ன, கொட்டகையில் கட்டிவைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னை உட்காரச் சொல்லி, தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அதுவரை நாங்கள் யாரும் கேட்டிராத கதை.

அவர் மூவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பால்மரம் வெட்டினார். லயத்து வீட்டுக்குக் கக்கூஸ் கிடையாது, எல்லோரும் ரப்பர்க் காட்டுக்குள்தான் போவார்கள். அதே மண்ணில்தான் செருப்பில்லாமல் வேலை செய்வார்கள். அந்த மண்ணிலிருந்து கொக்கிப் புழு காலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் ஏறிவிடும். அம்மா வெளுத்துக்கொண்டே வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ஒவ்வொரு முறையும் இமையை இழுத்துப் பார்ப்பாராம், ரத்தமில்லை என்பாராம், ஒரு கை இரும்பு மாத்திரை அள்ளிக் கொடுப்பாராம். மாதக்கணக்கில் அதையே விழுங்கினார் அம்மா. புழு மருந்து ஒரு முறைகூடக் கொடுக்கவில்லை. கடைசியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, குடல் முழுக்கப் புழு என்றும், இவ்வளவு நாளாக என்ன செய்தீர்கள் என்றும் அங்கே கேட்டார்களாம். அப்போது இவருக்கு மீசைகூட முளைக்கவில்லை.

"எங்கம்மா இரும்ப தின்னுச்சு. புழு எங்கம்மாவ தின்னுச்சு. இன்னொரு வாட்டி நான் விடமாட்டேன்மா" என்றார்.

ஆனாலும் சொன்னேன். இது வேறாக இருக்கலாம் அண்ணே, அந்த மலாய்ப் பெண்ணே சொன்னாளே, வெளுத்த கண்ணெல்லாம் புழு இல்லை என்று. அது ஆட்டுக்குச் சொன்னது என்றார். ஆட்டுக்கும் மனுஷனுக்கும் ஒரே மருந்து கொடுக்கிற ஆள், சொன்ன பேச்சை மட்டும் ஆட்டுக்குத் தனியாகப் பிரித்துவிட்டார். என் கணவரையும் அனுப்பிப் பேசச் சொன்னேன். அவர் போய், இமை பார்க்கப்பட்டு, ஒரு பாட்டில் கரைசலோடு திரும்பி வந்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அண்ணியிடமே நேராகக் கேட்டேன். அண்ணன் இலை வெட்டப் போயிருந்த நேரம். மாத்திரையை நான் எடுத்துத் தருகிறேன், திங்கட்கிழமை லீவு போடுகிறேன், காரில் ஜொகூர் பாரு போய்விட்டு வந்துவிடலாம், அவருக்குத் தெரிய வேண்டாம் என்றேன். அண்ணி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசையில் அந்த டம்ளர், பச்சையாக, மேலே நுரை கட்டி இருந்தது.

"ஆடாச்சும் தலைய திருப்பிக்கும். நான் எப்படித் திருப்புறது?" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "அவங்கம்மாவுக்குக் குடுக்க முடியாதத எனக்குக் குடுக்குறாரு. வேண்டாம்னு சொன்னா மனுஷன் உடைஞ்சிருவாரு. இந்த மழ முடியட்டும், போலாம்."

டம்ளரை எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்தார். எனக்கு அந்த நேரத்தில் அண்ணி மேல்தான் ஆத்திரம் வந்தது. இவ்வளவு நல்லவராக ஒரு மனுஷி இருக்கவே கூடாது.

அந்த மழை முடியவில்லை. வடிகால் நிரம்பிச் சாலைக்கு வந்தது. கொட்டகைக்கு அடியில் தண்ணீர் நின்றது. அண்ணன் இரண்டு பக்கமும் ஓடினார். காலையில் ஆடுகளின் இமை, பிறகு அண்ணியின் இமை, திரும்ப ஆடுகள். கரைசலில் விதை மாவைக் கூட்டினார். மலம் கறுப்பாகப் போகிறது என்று அண்ணி சொன்னபோது, பார்த்தாயா, புழு செத்து வெளியேறுகிறது என்றார். ஆடுகளின் இமைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. காதில் துணி கட்டியிருந்தவற்றையும் மந்தையோடு சேர்த்தார். அண்ணியின் இமை மட்டும் சுண்ணாம்பாகவே இருந்தது. இன்னும் ஒரு சுற்றுக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அவர் என்னிடம் சொன்னார். அப்போதாவது விட்டிருக்கலாம். விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகைப் படியில் அண்ணி விழுந்து கிடந்தார். ஆடுகள் கத்திய கத்தலில்தான் நான் ஓடிப் பார்த்தேன். அண்ணன் கோயில் மரத்துக்குப் போயிருந்தார். என் கணவரும் நானும் அண்ணியைத் தூக்கிக் காரில் போட்டோம். கோழியைத் தூக்குவது போல இருந்தது, அவ்வளவு லேசு. அண்ணன் மோட்டார் சைக்கிளில் வேப்பங்கிளைகளோடு எதிரே வந்தார். எங்களைப் பார்த்ததும் கிளைகளை நடுச்சாலையில் போட்டுவிட்டுப் பின்னால் வந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் அவர் வார்டில் அண்ணியின் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, செவந்திருச்சும்மா, செவந்திருச்சு என்றார். அது யாரோ ஒருவருடைய ரத்தம் அண்ணே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த படுக்கையில் இருந்த சீனக் கிழவி எங்களை வேடிக்கை பார்த்தாள்.

பெருங்குடலில் கட்டி. ரொம்ப நாளாக உள்ளுக்குள் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஈரலுக்கும் போய்விட்டது. டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. அண்ணனுக்குப் புரிகிற மலாயில், காகிதத்தில் குடலை வரைந்து காட்டிச் சொன்னார். சில மாதங்களுக்கு முன்னால் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்றார். யாரையும் குற்றம் சொல்கிற தொனியில் சொல்லவில்லை. அண்ணன் முழுக்கக் கேட்டுவிட்டு, அந்தப் படத்தைப் பார்த்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டார். புழு இருந்ததா? டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு, சோதித்துப் பார்த்தோம் அங்கிள், புழு இல்லை, முட்டைகூட இல்லை என்றார்.

அண்ணி அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. வலிக்கு மருந்து கொடுத்தார்கள். தெளிவாக இருந்த நேரங்களில் ஆடுகளைப் பற்றிக் கேட்டார். என் சீருடையைப் பார்த்துப் பள்ளிக்கூடம் விட்டாச்சா என்று ஒரு முறை கேட்டார். சிரிக்கத் தெம்பில்லை.

தகனம் முடிந்து வந்தவர்களெல்லாம் போன பிறகு, கூடாரத்தின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலிகளை நானும் என் கணவரும் அடுக்கிக்கொண்டிருந்தோம். அண்ணன் தலை குளித்த ஈரத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுகூட இல்லன்னு டாக்டர் சொன்னாருல்லம்மா? முட்டகூட இல்லன்னாரு. மருந்து நல்லா கேட்டிருக்கு. புழுவ பூரா கொன்னிருச்சு. இந்தக் கட்டிதான் எங்கேருந்தோ வந்திருச்சு."

அவர் பெருமையாகச் சொல்லவில்லை. அதை நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும் என்பது போலக் கேட்டார். ஆமாண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அதை வைத்துக்கொண்டு மீதி நாளை ஓட்டியிருப்பார். என் கணவர் எனக்குக் கண்ணைக் காட்டினார், சொல்லிவிடு என்று. நானும் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தப் பச்சை டம்ளரும் மூக்கைப் பிடித்துக்கொண்ட விரல்களும் என் முன்னால் வந்து நின்றன. இன்னும் எத்தனை பேருடைய இமையை இழுத்துப் பார்ப்பார் இந்த மனுஷன் என்று தோன்றியது.

"மொதல்லேருந்தே புழு இல்லண்ணே" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டார்.

"அப்ப அவ எதுக்கும்மா அத குடிச்சா?"

எனக்குப் பதில் தெரியும். அண்ணி என்னிடம் சொன்ன பதில். என் கணவர் என் தோளைத் தொட்டுப் போதும் என்றார். போதாது என்று எனக்குப் பட்டது. அண்ணி தன் புருஷனுக்காக என்ன செய்தார் என்று அந்தப் புருஷனுக்குத் தெரியாமல் போகக் கூடாது.

"உங்க மனசு உடைஞ்சிரக் கூடாதுன்னுதாண்ணே."

அவர் மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்னால் கொட்டகையில் பசியோடு ஆடுகள் கத்தத் தொடங்கின. எல்லாம் நல்ல ஆரோக்கியமான ஆடுகள். அவை ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தன, அவர் எழுந்திருக்கவில்லை.